ஊசி போடாமல் திரும்பி வந்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் வந்த கடிதம் ஒன்றை இரண்டு தரம் வாசித்தேன். இன்னும் கொவிட் தடுப்பூசி போடாமல் இருப்பவர்கள் அறிவில்லாதவர்கள், அவர்களுக்குக் கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. 2021 ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் இருநூறு பேருக்கு மேல் மௌத்தான செய்தியைக் கேட்ட எவருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் சொல்லும் அறிவில்லாதவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஜூன் மாதம் வரிசையில் நின்று, மேசை வரைக்கும் போய், ஊசி போடாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தவன் நான். ஜூலையில் போட்டுக்கொண்டேன். இடையில் நடந்ததை அந்த அன்பரும், ஊசி போடுவதற்குப் பொறுப்பான அதிகாரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு 66 வயது. ஓட்டமாவடி, மீராவோடை, வாழைச்சேனைப் பக்கம் முப்பத்தைந்து வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவன். பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முஸ்லிம் வீடு, தமிழ் வீடு எல்லாம் எனக்குப் பழக்கம். கண் தெரியாத மூத்தம்மாமாருக்குச் சவூதியில் இருந்து வந்த கடிதங்களை வாசலில் குந்தி இருந்து வாசித்துக் காட்டியிருக்கிறேன். தடுப்பூசி என்றால் என்னவென்று தெரியாதவனும் இல்லை. என் இடது கையில் சின்ன வயதில் அம்மைப்பால் குத்திய தழும்பு இன்னும் கிடக்கிறது. 1984இல் ஒரு வளவு நாய் கெண்டைக்காலில் கடித்ததற்குத் தொப்புளைச் சுற்றி ஒவ்வொரு நாளும் ஊசி போட்டார்கள். அந்த நோவை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு சுருங்கும். 1995இல், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாளுக்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்தார்கள். அன்றைக்கு என் சின்ன மகனைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு சொட்டு மருந்துக்காக வெடிச் சத்தம் நின்றதைக் கண்ட மனுசன் நான்.

அப்படிப்பட்டவன் ஏன் திரும்பி வந்தேன்?

2020 டிசம்பரில் கொழும்பில் இருந்த என் மாமி மகன் கொவிட்டில் மௌத்தானார். நானும் அவரும் ஒரே வயது. சின்ன வயதில் ஒன்றாக ஆற்றில் தூண்டில் போட்டவர்கள். அவரைக் கபனிடவும் இல்லை, தொழுவிக்கவும் இல்லை. எங்கள் மார்க்கத்தில் எரிப்பதில்லை, அடக்குவதுதான். ஆனாலும் எரித்தார்கள். அவருடைய மகன் தொலைபேசியில் ஒன்றும் பேசவில்லை, அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கொவிட்டில் மௌத்தானால் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தலோடு வந்த சட்டம் அது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கம் செய்யலாம், ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. எங்கள் நாட்டு வைத்தியர்களிலேயே பலர் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு பச்சைக் குழந்தையைக்கூட எரித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள் இருந்தார்கள். நோய்க்குப் பயந்து அல்ல. பிசிஆர் எடுத்து, கொவிட் என்று வந்து, மௌத்தானால் தன்னையும் எரித்துவிடுவார்களே என்று.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். மார்ச் 5ஆம் திகதி முதல் நாடு முழுவதிலும் இருந்து வரும் ஜனாஸாக்களுக்கு, அதாவது மௌத்தானவர்களின் உடல்களுக்கு, எங்கள் ஓட்டமாவடிப் பக்கம் மஜ்மா நகரில் இடம் கொடுத்தோம். எங்கள் பிரதேச சபை ஊழியர்களும் ஊர்ப் பெடியன்மாரும் குழி வெட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தவர்களும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். நோன்புக்கு முன்னர் ஒரு நாள், வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனபோது குருநாகலில் இருந்து வந்திருந்த ஒரு தகப்பனைக் கண்டேன். மகனை அடக்கிவிட்டுத் தூரத்தில் தனியாக நின்றார். அவரைக் கிட்டப் போக விடவில்லை. கையில் ஒரு சிகரட் பெட்டி மட்டையைக் கிழித்து அதில் குழியின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தார். என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "காக்கா, இந்த இலக்கம் சரியா என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்க, திரும்பி வந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று கேட்டார். இலக்கம் பார்த்து வீடு தேடுவதுதானே என் தொழிலாக இருந்தது. கல்லில் இருந்ததையும் மட்டையில் இருந்ததையும் நான்கு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னேன். அவர் மட்டையைச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டே வாகனத்தில் ஏறினார்.

அந்த மனநிலையோடுதான் ஜூன் மாதம் ஊசி வரிசையில் நின்றேன். நிலத்தடி நீர் என்று சொன்ன அதே வாய்தான் இப்போது ஊசி போடு, பயப்படாதே என்றும் சொல்கிறது. எதை நம்புவது? வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பிள்ளை பிறக்காது, இரண்டு வருடத்தில் செத்துப் போவோம் என்ற கதைகளை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாத கதையும் இரவில் படுத்தால் காதுக்குள் கிடக்கிறது.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. நான் கையெழுத்து வைக்க வேண்டிய படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மேசையில் இருந்த தம்பியிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இது என்ன ஊசி? நான் பிரஷருக்கு மாத்திரை குடிக்கிறேன், போடலாமா? "போடுறதென்றால் போடுங்க, இல்லாட்டிப் பின்னுக்கு நிற்கிற ஆளுக்கு இடம் விடுங்க" என்றார். அவரில் நான் முழுப் பிழையும் சொல்ல மாட்டேன். காலையில் இருந்து அந்த வெக்கைக்குள் பிளாஸ்டிக் அங்கியோடு இருந்தவர். ஆனாலும் கேள்வி கேட்டதற்கு அந்தப் பதில் வந்ததும் என் கால் தானாகவே வெளியே நடந்தது. கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு முப்பத்தைந்து வருடமும் பதில் சொன்னவன் நான். என் உடம்புக்குள் போவது என்ன என்று நான் கேட்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவிக்குச் சந்தோசம். அவவுக்கு என்னைவிடப் பயம். 1998இல் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சு எடுக்க ஏலாமல் பட்ட கஷ்டம் அவவுக்குத்தானே தெரியும்.

இனி எங்கள் பகுதி மிட்வைப் (குடும்பநல மாது) மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட மாட்டேன், அவ விரும்ப மாட்டா. பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. எங்கள் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் நிறை பார்த்து, கிளினிக் கொப்பியில் கோடு கீறியவ. ஜூலை முதல் வாரம் சின்னப் பேத்தியின் நிறை பார்க்க ஸ்கூட்டியில் வந்தா. போகும்போது, "காக்கா, ஊசி போட்டாச்சா?" என்று கேட்டா. இல்லை என்றேன். ஏன் என்று கேட்டுத் திட்டவில்லை. ஹெல்மட்டைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்து வாங்கின் ஒரு தொங்கலில் இருந்தா. என்னை மற்றத் தொங்கலில் இருக்கச் சொன்னா. "என்னென்ன கேட்கணுமோ கேளுங்க, எனக்கு இன்னும் இரண்டு வீடுதான் கிடக்கு" என்றா. மனைவி கொண்டு வந்து வைத்த பிளேன்டீயை, மாஸ்க் கழற்ற ஏலாது என்று தொடவில்லை. அது வாங்கின் நடுவில் இருந்து ஆறிப்போனது. முக்கால் மணித்தியாலம் கதைத்தோம்.

இது என்ன ஊசி என்று கேட்டேன். சைனோபாம் என்ற சீன ஊசி, கொன்ற வைரஸில் செய்தது, உயிர் இல்லாததால் அது உடம்பில் பெருகாது, உடம்பு அதைப் பார்த்து எதிரியை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றா. நாய்க்கடிக்கு இப்போது போடும் ஊசியும் அப்படிக் கொன்ற வைரஸ்தான் என்றதும் எனக்கு 1984 ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாய் கடித்துவிட்டது, போட்டேன். கொவிட் ஊசியில் வித்தியாசம், நோய் பிடிக்க முதல் போட வேண்டும். பிடித்த பிறகு போட்டு அந்த நோய்க்குப் பிரயோசனம் இல்லை.

இவ்வளவு கெதியாக எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பஹ்ரைனிலும் மற்ற நாடுகளிலும் சுமார் நாற்பதாயிரம் பேரை வைத்துப் பரிசோதித்தார்கள் என்று சொன்னா. அது எனக்குப் புதினம் இல்லை. மகளின் கணவர் அபுதாபியில் சாரதி. "மாமா, நான் இதே ஊசியை ஜனவரியிலேயே போட்டுட்டேன், வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்" என்று அவர் முதலே சொல்லியிருந்தார். முழுக்கப் பாதுகாக்குமா என்றேன். "இல்லை காக்கா. நூற்றுக்கு 79 என்று கணக்கு. போட்டாலும் கொரோனா வரலாம். வந்தாலும் ஒக்சிசன் வைக்கிற நிலைமைக்குப் போகிறது குறையும்." அப்புறம் நான் கேட்காத ஒன்றையும் சொன்னா. அந்தப் பரிசோதனையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறைவுதானாம். என் வயதுக்காரருக்கு அது நல்ல செய்தி இல்லை. ஆனால் அதை மறைக்காமல் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன்.

மனைவியின் வீக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, "இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாது, டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றா. அடுத்த நாள் காலை ஏழரைக்கே போன் வந்தது. எல்லோருக்கும் போடுகிற பள்ளிக்கூடத்தில் போட வேண்டாம், ஆஸ்பத்திரியில் போடலாம், போட்ட பிறகு கட்டிலில் இருத்திக் கொஞ்ச நேரம் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்று சொன்னா. அப்படியே நடந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நானும் இருந்தேன். தாதி சின்னக் குப்பியைத் தூக்கிப் பெயரையும் திகதியையும் காட்டினா. ஒருவருக்கு ஒரு குப்பி. என் விரலின் முதல் கணு அளவுதான் இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்றிரவு கை நோவும் காய்ச்சல் குணமும் இருந்தது, அடுத்த நாள் அஸர் (பின்னேரத் தொழுகை) நேரத்தோடு விட்டுப் போனது.

ஹராமா ஹலாலா என்ற கேள்வி மிஸ்ஸுக்கு உரியது இல்லை. அதைப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். 2020 டிசம்பரிலேயே அமீரகத்தின் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பத்வா சபை கொவிட் தடுப்பூசிகளுக்கு அனுமதி சொல்லிவிட்டது என்றும், உயிரைக் காப்பதுதான் முதல் என்றும் விளங்கப்படுத்தினார்.

மிஸ் வந்து போன பிறகு, ஊசி போட முதல், இரண்டு நாள் நான் வடிவாக யோசித்தேன். ஜனாஸாவை அடக்கலாம் என்று சொன்ன உலக சுகாதார நிறுவனம்தான் மே 7ஆம் திகதி இந்த ஊசிக்கும் அவசர அனுமதி கொடுத்தது. அன்றைக்கு அவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதானே நாங்கள் வாதாடினோம்? எரிப்பு விசயத்தில் அவர்கள் சொன்னது சரி, ஊசி விசயத்தில் பிழை என்று நான் எந்த நியாயத்தில் சொல்வது? சீனா அனுப்பிய ஆறு இலட்சம் ஊசி மார்ச் 31ஆம் திகதியே நாட்டுக்கு வந்தது. அந்த அனுமதி கிடைக்கும்வரை இலங்கையர்களுக்குப் போடாமல் குளிரூட்டியில் வைத்திருந்தார்கள். இதையும் மிஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேசையில் இருந்த தம்பி இந்த ஒன்றை மட்டும் ஜூன் மாதம் எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சேர்ட் கையை மடித்திருப்பேன். பிறகு ஜூலையில், ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தார் சைனோபாம் போட்டவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, 95 சதவீதமானோருக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்று அறிவித்ததை வாசித்து ஆறுதல்பட்டேன்.

எங்கள் பின் ஒழுங்கையில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார், காகித ஆலையில் வேலை செய்தவர். சீனி வருத்தமும் உண்டு. "உன்ற சீன ஊசி எனக்கு வேணாம், பைசர் வரட்டும்" என்று வேலிக்கு மேலால் சொன்னார். பைசர் ஜூலையில் முதல் தரம் வந்தபோது முழு நாட்டுக்குமே 26,000 தான் வந்தது. அது எப்போது ஓட்டமாவடிக்கு வருவது? எனக்கு அது தெரியும். தெரிந்தும், "சரி, உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிஸ் என்னோடு இருந்தது போல அவரோடு ஒரு முக்கால் மணித்தியாலம் நான் இருக்கவில்லை. ஆகஸ்ட் 26ஆம் திகதி மௌத்தானார். அவருடைய மகன் கத்தாரில். குழியின் இலக்கத்தை வடிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டான். நான்தான் போய் எடுத்து அனுப்பினேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் மிஸ்ஸிடம் பட்டியலைக் கேட்டேன். நான் கடிதம் கொடுத்த ஒழுங்கைகளில் 60 வயதுக்கு மேல் ஊசி போடாத வீடுகள் பதினான்கு. மௌலவியும் நானும் மாஸ்க் போட்டு, வாசலுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு வீடாகக் கதைத்தோம். ஒன்பது வீட்டில் போட்டுவிட்டார்கள். மிச்சம் ஐந்து வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது, அறிவில்லாமை அதில் ஒன்றுகூட இல்லை. ஒருவர் கல் உடைக்கும் கூலி வேலைக்காரர். "ஊசி போட்டு அடுத்த நாள் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலியை யார் தருவது?" என்று கேட்டார். வயது போன காலத்திலும் அவர் உழைத்தால்தான் அந்த வீட்டில் உலை வைப்பார்கள். இன்னொருவர் மகளோடு சவூதிக்குப் போக இருக்கிறார், சைனோபாம் அட்டையை அங்கே எப்படி எடுப்பார்கள் என்ற விபரம் தமிழில் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு அம்மா என்னைப் போலவே மேசையில் ஏச்சு வாங்கித் திரும்பியவ. ஒருவருக்கு இருதய வருத்தம், கிளினிக் டொக்டரைக் காண முடக்கம் முடிய வேண்டும்.

தடுப்பூசி போட்ட அட்டை இல்லாதவர்கள் பொது இடங்களுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வருகிறது. அந்த அட்டையைக் காட்டி இந்த ஐந்து வீட்டையும் வெருட்ட ஏலாது. வெருட்டினால் கதவைச் சாத்துவார்கள். எங்களை ஒரு வருடம் வெருட்டிப் பார்த்தாயிற்று. படிவத்தைத் தமிழில் அடித்துத் தாருங்கள். ஊசி போடும் இடத்தில், கேள்விக்குப் பதில் சொல்ல என்றே தமிழ் தெரிந்த ஒருவரைத் தனிக் கதிரை போட்டு இருத்துங்கள். கூலிக்காரருக்கு அடுத்த நாள் அரிசி பருப்புக்குப் பிரதேச செயலகமோ பள்ளிவாசலோ கோயிலோ வழி செய்யட்டும். குடும்பநல மாதருக்கு இன்னும் கொஞ்சம் எரிபொருள் கொடுத்து அவர்களை வீடுகளுக்கு அனுப்புங்கள். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை.

ஐந்தாவது வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே இருப்பது 82 வயது மூத்தம்மா ஒருவ. இடுப்பு முறிந்து இரண்டு வருடமாகக் கட்டிலில். அவவுக்கு ஊசியில் பயமே இல்லை. "நான் எங்க மகனே வாறது, இஞ்ச கொண்டு வரச் சொல்லு, இப்பவே கையைத் தாறன்" என்றா. மூன்று தரம் அறிவித்தும் இன்னும் ஒருவரும் வரவில்லை. ஐஸ் பெட்டியோடு ஒரு தாதியையும் ஒரு டொக்டரையும் அனுப்ப முடியுமானால் அனுப்புங்கள். ஒழுங்கைக்குள் பெரிய வாகனம் போகாது. சந்தியில் இறங்கினால் நான் சைக்கிளோடு நிற்பேன், வீட்டைக் காட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
ஓட்டமாவடி.
செப்டம்பர் 2021